ஒரு துளி மழையும் படக்கூடாத மான்சூன் காபி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வார இணைப்பில் காபி வகைகளைப் பற்றி வந்த கட்டுரையில் மான்சூன் மலபார் காபிக்கு இரண்டே வரிதான் கிடைத்திருந்தது. 'கொட்டைகளைப் பருவமழையில் நனையவிட்டுக் காயவைத்துத் தயாரிப்பார்கள்' என்பது ஒன்று. 'அமிலம் இல்லாததால் வயிற்றுப்புண் உள்ளவர்களும் தாராளமாகக் குடிக்கலாம்' என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதல் வரியை நம்பிக் கொட்டையை மொட்டை மாடியில் மழைக்கு வைத்தால் நாலாம் நாள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குத்தான் போகும். இரண்டாவது வரியை நம்பினால் உடம்புதான் கெடும். உலகில் வேறெங்கும் இதே வடிவில் கிடைக்காத காபி இது. புவிசார் குறியீடு பெற்றது, நம் மேற்குக் கடற்கரையின் சொத்து. இதைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குச் சரியான விவரம் போய்ச் சேர வேண்டும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தக் காபி பிறந்தது கப்பலில். பாய்மரக் கப்பல் காலத்தில் மலபார் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன காபி மூட்டைகள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பயணம் செய்தன. மரக்கப்பலின் அடித்தளத்தில், கடற்காற்றின் ஈரத்தில் கிடந்த கொட்டைகள் ஊறிப் பருத்தன. பச்சை நிறம் போய் வைக்கோல் மஞ்சளாகின. வாயைச் சுருக்கும் புளிப்பு மங்கி, காபி கனத்த சுவையுடையதாக மாறியது. அங்குள்ளவர்கள், குறிப்பாக ஸ்காண்டிநேவிய நாட்டவர்கள், இந்தியக் காபியென்றால் இப்படித்தான் இருக்கும் என்று பழகிவிட்டார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்களும் பெருகின. பயணம் சில வாரங்களாகச் சுருங்கியதும் கொட்டைகள் பச்சை மாறாமல் போய் இறங்கின. பழகிய சுவை எங்கே என்று வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். கப்பலில் தற்செயலாக நடந்ததைக் கரையிலேயே, கிடங்குக்குள் வேண்டுமென்றே செய்து பார்த்ததில் உருவான தொழில்நுட்பம்தான் இது. மங்களூரும் தலச்சேரியும் இதற்குப் பேர்போன இடங்கள்.

'மலபார்' என்று ஒரு செடி கிடையாது. சிக்கமகளூர், குடகு, ஹாசன் பக்கத்து மலைத் தோட்டங்களில் விளையும் வழக்கமான அரபிகா வகைக் காபிதான் இதன் மூலம். பாலேஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையம் 1940களில் கொடுத்த எஸ்.795 அங்கே பரவலாக இருக்கும் இரகம். அதனுடன் காவேரி, எஸ்.9 போன்றவையும் உண்டு. மற்றொரு காபி வகையான ரொபஸ்டாவிலும் மான்சூன் செய்கிறார்கள், அதற்குத் தனியாகப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆக, சுவையைத் தீர்மானிப்பதில் செடிக்கு உள்ள பங்கைவிட அறுவடைக்குப் பின் நடக்கும் வேலைக்கு உள்ள பங்கு பெரியது.

வேலை செடியருகிலேயே தொடங்கிவிடுகிறது. அரபிகா அறுவடை நவம்பர் வாக்கில் ஆரம்பித்து ஜனவரி, பிப்ரவரி வரை போகும். நம் ஊர்க் காபித்தூள் கடைகளில் 'பிளான்டேஷன் ஏ' என்று கேட்டு வாங்குகிறோமே, அது பழத்தின் தோலை எந்திரத்தில் நீக்கி, வழவழப்பைப் புளிக்கவைத்துக் கழுவி, பார்ச்மென்ட் எனும் உள்தோலோடு உலர்த்திய காபி. மான்சூனுக்கு அது ஆகாது. பழத்தை முழுசாக, தோலும் சதையுமாகக் களத்தில் காயவைத்த செர்ரி காபிதான் வேண்டும். கழுவிய காபியின் சுவை பளிச்சென்று இருக்கும், புளிப்பு தூக்கலாகத் தெரியும். பழத்தோடு காய்ந்த கொட்டையில் தொடக்கத்திலேயே புளிப்பு அடங்கி, இனிப்பும் கனமும் கூடியிருக்கும். மான்சூன் முறை இந்தக் குணத்தைத்தான் மேலும் வளர்க்கிறது.

களத்தில் பழத்தை மூன்று அங்குல உயரத்துக்கு மேல் குவிக்கக் கூடாது. மணிக்கொரு தரமாவது கிளறிவிட வேண்டும். மாலையில் குவித்து மூடி, காலையில் பனி விலகிய பிறகே மறுபடி பரப்ப வேண்டும். வெயில் நன்றாக இருந்தால் 12 முதல் 15 நாளில் காய்ந்துவிடும். ஒரு கைப்பிடி எடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலவென்று சத்தமிட வேண்டும், அதுதான் பதம். பழுக்காத பச்சைக் காயும் செடியிலேயே காய்ந்து கறுத்ததும் இந்தக் கட்டத்தில் கலந்துவிட்டால் பின்னால் எந்தக் கிடங்காலும் சரிசெய்ய முடியாது. பச்சைக் காயின் துவர்ப்பு கடைசிக் கோப்பைவரை கூடவே வரும். காய்ந்த செர்ரியைப் பதப்படுத்தும் ஆலையில் உடைத்து, தொலி நீக்கி, சல்லடையில் அளவு பிரித்துப் பெரிய கொட்டைகளை மட்டும் தனியே எடுக்கிறார்கள். இந்த நிலையில் ஈரப்பதம் 10 முதல் 11 சதவீதம்.

ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை கரையைத் தொட்டதும் கிடங்குகளில் வேலை தொடங்குகிறது. மங்களூரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள். இந்த மாதங்களில் அங்கே காற்றே நீர் சுமந்து வரும். கிடங்குக்கு உயரமான கூரை, சிமென்ட் தரை, காற்று வரும் திசை பார்த்துப் பக்கவாட்டில் திறப்புகள். கூரையில் ஓர் ஓட்டை இருக்கக் கூடாது, சாரல் உள்ளே அடிக்கக் கூடாது, தரையில் நீர் கசியக் கூடாது. கொட்டைக்கு வேண்டியது காற்றிலுள்ள ஈரம். நீராகவே பட்டால் அந்த இடம் ஒரே நாளில் வீங்கி, கறுத்து, வெடிப்புவிட்டுப் பூஞ்சைக்கு வாசலாகிவிடும்.

முதலில் கொட்டையை 4 முதல் 6 அங்குல உயரத்துக்குத் தரையில் பரப்பி, நான்கைந்து நாள் மரப்பலகையால் ஓயாமல் கிளறிவிடுகிறார்கள். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே அளவாக ஈரம் இழுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடு. உயரம் கூடினாலோ கிளறுவது தவறினாலோ அடிப்பகுதி சூடேறும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்புத் தெரியும். அதே நேரத்தில் பிரித்துப் பரப்பாவிட்டால் அந்தச் சரக்கு புழுங்கல் நெடி அடிக்கத் தொடங்கிவிடும்.

அடுத்து சாக்கு. கோணிப்பையில் கொட்டையைத் திணிக்காமல், பாதிக்குச் சற்று மேல் தளர்வாக நிரப்பி, மரச்சட்டங்களின் மேல் வரிசையாக அடுக்குகிறார்கள். வரிசைகளுக்கிடையே காற்று புகுந்து வெளியேற இடம் விட வேண்டும். ஏறக்குறைய வாரம் ஒருமுறை எல்லாச் சாக்குகளையும் அவிழ்த்து, கொட்டிக் கலந்து, திரும்ப நிரப்பி, இடம் மாற்றி அடுக்க வேண்டும். ஓரத்தில் இருந்த சாக்கு நடுவுக்கும் நடுவில் இருந்தது ஓரத்துக்கும் போகும். இப்படி ஆறேழு வாரம் நடக்கும். ஆண்டின் காற்றைப் பொறுத்து மொத்த வேலையும் மூன்று மாதத்துக்கு மேலும் இழுக்கலாம். இதில் கைவேலைதான் அதிகம். பழகிய கண்ணும் கையும் இல்லாமல் இது நடக்காது. அந்தத் தொழிலாளர்களின் திறமையைப் பற்றி எந்தப் பொட்டலத்திலும் ஒரு சொல் அச்சாவதில்லை என்பது எனக்கு எப்போதுமே உறுத்தலான விஷயம்.

மழை இடைவிடாமல் பெய்தால் தொல்லை குறைவு. ஜூலை, ஆகஸ்டில் பத்து நாள் மழை ஓய்ந்து வெயிலடிப்பதுதான் ஆபத்து. ஊறிய கொட்டை மேற்பரப்பில் மட்டும் மறுபடி உலர்ந்து, உள்ளே ஈரமாகவே இருந்துவிடும். அந்த நாட்களில் திறப்புகளை மூடி, உள்ளே இருக்கும் ஈரக்காற்றைக் காத்துவைக்க வேண்டும். மழை திரும்பியதும் திறக்க வேண்டும். இந்த வேலையை ஏன் சென்னையிலோ கோவையிலோ செய்வதில்லை என்று சிலர் கேட்பதுண்டு. கோவை மழைமறைவுப் பகுதி. சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை, அதுவும் புயலும் வெயிலுமாக விட்டுவிட்டு வருவது. தொடர்ந்து மூன்று மாதம் ஒரே சீராக உப்புக்கடல் ஈரக்காற்று வீசும் இடம் மேற்குக் கரைதான். புவிசார் குறியீட்டுக்கு நியாயம் சேர்ப்பதும் இந்தக் காற்றுதான்.

ஈரம் ஏற ஏற, கொட்டையின் கெட்டிப்பு தளர்ந்து உப்பிப் பருக்கிறது. சாம்பல் பச்சை முதலில் வெளிறி, பிறகு மஞ்சளாகி, கடைசியில் காய்ந்த வைக்கோலின் பொன்னிறத்துக்கு வருகிறது. முடியும்போது ஈரப்பதம் 13 முதல் 14.5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். சாதாரணப் பச்சைக் கொட்டைக்கு இந்த அளவு ஈரம் ஆபத்தானது. இங்கேயும் அதைத் தாண்டினால் பூஞ்சைதான். ஓக்ரடாக்சின்-ஏ என்ற பூஞ்சை நஞ்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வறுத்த காபியில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்று வைத்திருந்த வரம்பை 2023 முதல் 3 ஆகக் குறைத்துவிட்டது. இந்தக் காபியின் பழைய வாடிக்கையாளர்கள் ஐரோப்பியர்கள் என்பதால் கிடங்கில் ஒரு வாரச் சோம்பல்கூட முழுச் சரக்கையும் திருப்பி அனுப்ப வைக்கும். இன்னொரு பகைவன் வண்டு. ஊறி மென்மையான கொட்டையில் அது எளிதாகத் துளை போட்டுவிடும். அதனால் மருந்துப்புகை போடுவதும் கிடங்கைக் கூட்டிச் சுத்தமாக வைப்பதும் கட்டாயம்.

கடைசியில் மறுபடி எந்திரத்தில் விட்டு, ஒட்டியிருக்கும் தோலை நீக்கி மெருகேற்றி, அளவு பிரித்து, உப்பாமல் நின்றுபோன பச்சைக் கொட்டைகளைக் கையால் பொறுக்கி எடுக்கிறார்கள். இந்தப் பொறுக்கு வேலையில்தான் தரம் நிற்கிறது. ஊறாத கொட்டை நூற்றுக்கு ஐந்து கலந்திருந்தாலும் கோப்பையில் புளிப்பு துருத்திக்கொண்டு தெரியும். மேல்தரம் 'மான்சூன்ட் மலபார் ஏஏ'. சுமார் 7.1 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் நிற்கும் பெரிய கொட்டைகள் அதற்குப் போகும். அதற்குக் கீழே 'பசநல்லி', உடைந்ததும் சிறியதும் சேர்ந்த 'டிரயாஜ்' எனத் தரங்கள் இறங்கும்.

வாங்குபவர்கள் ஏமாறுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். கிடங்கில் இரண்டு மூன்று வருடம் தேங்கிய பழைய காபியும் வெளிறி மஞ்சளாகத்தான் இருக்கும். அதை மான்சூன் என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். மான்சூன் கொட்டை பருத்து உப்பியிருக்கும், நடுக்கோடு விரிந்திருக்கும். பழைய கொட்டை மெலிந்து, மங்கி, அதே அளவில் நிற்கும். ஒரே படியில் இரண்டையும் அளந்து நிறுத்தால் மான்சூன் எடை குறைவாக இருக்கும். முகர்ந்தால் நல்ல மான்சூனில் உலர்ந்த தானியம், மரப்பட்டை, லேசான மசாலா வாசம் வரும். பழையதில் சாக்கு நாற்றம் மட்டும் வரும். வெள்ளைப் பொடி, கறுப்புத் திட்டு, மூக்கில் ஏறும் புழுங்கல் நெடி இருந்தால் எந்தப் பெயரில் விற்றாலும் வாங்காதீர்கள்.

இனி சுவை. நல்ல மான்சூன் மலபார் நாக்கில் கனமாக, பாகுபோல் படியும். மண்வாசம், கறுப்புச் சாக்லேட், வறுத்த கடலை, சற்றே மிளகு, இலவங்கம் தெரியும். எலுமிச்சை, பெர்ரி, மல்லிகை என்று சிறப்புக் காபிக்காரர்கள் தேடும் எதுவும் இதில் இருக்காது. எத்தியோப்பியக் காபிக்குப் பழகியவர்கள் இதை மொண்ணை என்பார்கள். பாலோடு குடிக்கும் நமக்கு இதுதான் பொருத்தம் என்பது என் தீர்மானமான கருத்து. பாலும் சர்க்கரையும் சேர்ந்த பிறகும் காபி என்று தெரிய வேண்டுமென்றால் இந்தக் கனம் வேண்டும். இத்தாலியப் பாணி எஸ்பிரஸோக் கலவைகளில் இதைச் சேர்ப்பதற்கும் காரணம் இதே கனமும், மேலே நிற்கும் தடித்த பொன்னுரையும்தான்.

புளிப்பு குறைந்த காபியை வேறு வழியில் செய்யும் ஊரும் உண்டு. இந்தோனேசியாவின் சுமத்ராவில், டோபா ஏரிப் பக்கத்திலும் ஆச்சே மாநிலத்தின் காயோ மலைகளிலும், பார்ச்மென்டை முழுசாகக் காயவைக்காமல் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும்போதே உரித்து, வெறுங்கொட்டையை உலர்த்துகிறார்கள். அங்கே இதற்கு 'கிலிங் பசா' என்று பெயர். அடிக்கடி மழை பெய்யும் மலையில் வெயிலை நம்ப முடியாத விவசாயிகள் கண்ட வழி அது. சுமத்ராக் காபியிலும் கனமும் மண்வாசமும் மிகுந்திருக்கும், ஆனால் மூலிகை, ஈரப்பாசி வாசம் தூக்கல். மான்சூனில் தானிய வாசம் தூக்கல். இரண்டையும் ஒன்றென்று எழுதுவதும் அடிக்கடி நடக்கும் தவறு.

வயிற்றுப்புண் பற்றிய வரிக்கு வருகிறேன். காபியில் 'அசிடிட்டி' என்று சுவைப்பவர்கள் சொல்வது நாக்கில் தெரியும் புளிப்பை. மான்சூனில் அது குறைவு. அதற்காக அமிலமே இல்லாத பானமாக அது ஆகிவிடாது. காபியின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுதல்) பொதுவாக 5 வாக்கில் இருக்கும். வகைக்கு வகை வேறுபாடு தசமப்புள்ளிக்குப் பின்னால்தான். நம் வயிற்று அமிலமோ பி.எச். 2க்கும் கீழே வரை போகக்கூடியது. காபி குடித்தால் வயிறு அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது, அந்தத் தூண்டலைப் பருவக்காற்று எடுத்துவிடவில்லை. காஃபீனும் அப்படியே இருக்கிறது. அரபிகாவில் 1.2 சதவீதம் அளவில், ரொபஸ்டாவில் கிட்டத்தட்ட இருமடங்கு. புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

வறுப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கொட்டையில் ஈரம் கூடுதல், கெட்டிப்பு குறைவு. பிளான்டேஷன் ஏ-க்கு வைக்கும் அதே சூட்டில் போட்டால் மேலே கருகி உள்ளே வேகாமல் போகும். டிரம்மைச் சற்றுக் குறைந்த சூட்டில் வைத்துத் தொடங்கி, ஈரம் வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். சூட்டில் கொட்டை வெடிக்கும் முதல் சத்தம் மெலிதாக வரும், காதை மட்டும் நம்பினால் தவறவிடுவீர்கள். நிறமும் திட்டுத்திட்டாக ஏறிக் கடைசியில்தான் ஒன்றுபோல் ஆகும். பாதியில் பார்த்துப் பயந்து இறக்கினால் வைக்கோல் சுவை நிற்கும். தோல் சருகு நிறையப் பறக்கும், அது சேரும் தட்டை அடிக்கடி காலி செய்யாவிட்டால் தீப்பிடிக்கும். இரண்டாம் வெடிப்பு தொடங்கும் தறுவாயில் இறக்குவது சரி. அதற்கு மேல் போனால் மசாலா வாசம் போய்க் கரிக்கசப்பு மிஞ்சும். ஈரம் அதிகம் என்பதால் வறுத்தபின் எடை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் குறையும். விலை போடும்போது அதை மறக்கக் கூடாது.

வீட்டு பில்டருக்கு: மூன்று பங்கு பிளான்டேஷன் ஏ, ஒரு பங்கு மான்சூன் என்று தொடங்கிப் பாருங்கள். பிடித்தால் சரிபாதிவரை போகலாம். சிக்கரி இல்லாமலே டிகாக்‌ஷன் கனமாக இறங்கும், அதனால் முதலில் சிக்கரியைத் தவிருங்கள். 30 கிராம் தூளை மேல் பாத்திரத்தில் போட்டு, அழுத்தாமல் சமப்படுத்தி, கொதித்து அடங்கிய நீரில் 150 மில்லி ஊற்றுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் சுமார் 100 மில்லி டிகாக்‌ஷன் இறங்கும். ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டால் அரவை பெரியது, நீர்த்துப்போயிருக்கும். ஒரு மணி நேரமாகியும் சொட்டினால் அரவை மாவாகிவிட்டது, கசக்கும். வறுத்த கொட்டையாக வாங்கிக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் மூன்று வாரம் வாசம் நிற்கும். தூளென்றால் பத்து நாளைக்கு மேல் வேண்டாம்.

நம் சட்டப்படி சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலப்பு விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். அதேபோல 'மான்சூன் மலபார்' என்று பெயர் போட்டு விற்கும் தூளில் அது எத்தனை சதவீதம், அரபிகாவா ரொபஸ்டாவா, எந்த ஆண்டுப் பருவமழையில் பதமானது என்ற மூன்று விவரங்களையும் அச்சிட வைக்கக் காபி வாரியமும் உணவுப் பாதுகாப்புத் துறையும் முன்வர வேண்டும். தாங்களும் அந்த இரண்டு வரிகளுக்கும் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். குறிப்பாக, வயிற்றுப்புண் பற்றிய வரிக்கு அடுத்த வார இணைப்பிலேயே திருத்தம் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
காபித் தரம் பிரிக்கும் தொழிலில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்